வெற்றிலை இல்லாத சுண்ணாம்பு

அத்தியாயம் 5

“செத்துப்போனார் எண்டு ஊரே சொல்லுற மனிசன் ஒருத்தர், வீட்டை வந்து மீன்தொட்டியைத் துப்புரவாக்கிப்போட்டுப் போவாரோ?”

மூன்று நாளைக்கு முன் கிளிநொச்சியில் ஜெயரூபியின் அலுவலகத்துக்கு வந்து, கதிரையின் நுனியில் இருந்தபடி அமராவதி ரீச்சர் கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டுக் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், யாரோ பறிக்க வந்ததைப்போல.

ஜெயரூபியின் தொழில் கலியாண விசாரணை. கனடா மாப்பிள்ளை உண்மையில் என்ன வேலை பார்க்கிறார், சுவிஸ் மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா என்று, ஆளுக்கே தெரியாமல் விசாரித்துச் சொல்லுவாள். ஆறு வருடத்தில் எத்தனையோ பேரின் குடிப்பழக்கத்தையும் பழைய காதலையும் தோண்டியெடுத்தவளிடம் மீன்தொட்டியைப் பற்றி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

ரீச்சரின் கணவர் ஜனார்த்தனன் கடலுக்குள் மூழ்கி அலங்கார மீன் பிடிக்கிற தொழிலாளி. இரண்டேகால் வருடத்துக்கு முன், மேற்குக் கரையில் யாரோ ஏற்பாடு செய்த படகில் வெளிநாடு போவதற்கு ஏறினார். ஏறுமுன் தொலைபேசி எடுத்து, மீனுக்குச் சாப்பாடு போட்டாச்சோ என்று கேட்டார். அதற்குப் பிறகு படகும் இல்லை, ஆளும் இல்லை.

அவருடைய தம்பி பாலன் இரண்டு ஆடி அமாவாசையைப் பொறுத்துப் பார்த்தான். இந்த முறை ஐயருக்குச் சொல்லிவைத்துவிட்டான். முல்லைத்தீவுக் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்துக் காரியத்தை முடித்துவிட வேண்டும், அண்ணன் ஆவியாய் அந்தரித்துத் திரியக்கூடாது என்பது அவன் பேச்சு. காரியம் முடிந்தால் அன்றைக்கே அமராவதியின் நெற்றியில் பொட்டு இராது, கழுத்தில் தாலியும் இராது.

அந்த அமாவாசைக்கு இன்றைக்கு இரண்டே நாள்தான் இருந்தது. அது நெருங்குகிற நேரம் பார்த்துத்தான், ரீச்சர் பள்ளிக்கூடம் போனபின் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் யாரோ பகலில் வந்துபோகத் தொடங்கியிருந்தார்கள். பணம், நகை, ஒரு கரண்டிகூடக் காணாமற் போகவில்லை. மீன்தொட்டியில் மட்டும் வேலை நடந்திருந்தது. அது ஜனார்த்தனனின் கைவேலை என்று ரீச்சர் அடித்துச் சொன்னார். அவர் உயிரோடு வந்துவிட்டார் என்று ஜெயரூபி உறுதிப்படுத்தினால் போதும், காரியம் நின்றுவிடும்.

தயாபரனின் ஓட்டோ பரந்தன் சந்தியில் திரும்பி, உடையார்கட்டையும் புதுக்குடியிருப்பையும் தாண்டி ரீச்சரின் ஊரான தண்ணீரூற்றுக்கு வந்துசேர்ந்தபோது காலை ஒன்பது மணி. ஓட்டோவும் தயாபரனும் ஜெயரூபிக்குச் சேர்த்தே கிடைத்த உதவி. ஓட்டோவை நிற்பாட்டலாம், அவர் வாயை நிற்பாட்ட முடியாது. எப்போதும் ஒரு கன்னத்தில் வெற்றிலை ஒதுங்கியிருக்கும். அதற்கும் மேலால் பகிடி வரும்.

“மாப்பிள்ளையை விசாரிக்கப் போனா ஒரு தேத்தண்ணியாவது தருவினம். மீனை விசாரிக்கப் போனா என்ன தருவினம், தங்கச்சி?”

“உப்புத்தண்ணி,” என்றாள் ஜெயரூபி.

ரீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுமுன் வீட்டுத் திறப்பை அவர்களுக்கென்று பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த வீட்டுக்குத் திறப்பு மூன்று. ஒன்று ரீச்சரிடம், ஒன்று பாலனிடம். மூன்றாவது ஜனார்த்தனனின் சட்டைப்பையோடு படகேறிப் போனது. பூட்டை ஜெயரூபி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

தொட்டி முன்னறையின் ஒரு சுவரை முழுதாக அடைத்து நின்றது. ஜனார்த்தனன் ஆறடிக்கு மேல். தன் உயரத்துக்கு அளந்து மேசை அடித்து, அதன்மேல் ஆழமான தொட்டியை வைத்திருந்தார். உள்ளே அடுக்கடுக்காய்க் கடற்கற்கள். நடுவில் பெரிய கடற்சாமந்தி ஒன்று, பூ விரிந்த மாதிரி ஒரு கடலுயிர். செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு மீன்களுக்கு அதுதான் வீடு.

வழக்கு அந்தப் பெரிய சாமந்தியைப் பற்றியது அல்ல. அதைச் சுற்றிக் கற்களில் முளைத்திருந்த சின்னஞ்சிறு சாமந்திகளைப் பற்றியது. ஜனார்த்தனன் அவற்றுக்கு வைத்த பெயர் கள்ளச் சாமந்தி. கல்லோடு ஒட்டிக்கொண்டு களவாக வீட்டுக்குள் வரும். நக அளவுதான் இருக்கும். வெளிறிய மண்ணிறம், சோடாக் குழாய் போல ஒல்லியான உடம்பு, உச்சியில் நூல் நூலாகக் கைகள். விரல் பட்டால் போதும், கண்ணிமைக்குமுன் கல்லின் ஓட்டைக்குள் போய்விடும். அந்த நூல்கைகளால் பக்கத்தில் இருக்கிற நல்ல உயிர்களைச் சுட்டுச் சுட்டே தொட்டியைத் தனதாக்கிவிடும்.

கணவர் போன முதல் வருடம் ரீச்சர் கறிக்கத்தியை எடுத்து அவற்றைச் சுரண்டியிருக்கிறார். சிதறிய துணுக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாமந்தியாகி, நாலு நாற்பதானது.

“வெட்ட வெட்டக் கூடுதே,” என்றார் தயாபரன். “எங்கட கட்சியள் மாதிரி.”

அவற்றைக் கொல்லுகிற வழி ஜனார்த்தனனுக்குத்தான் தெரியும் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். சிப்பியைச் சுட்டு நீற்றின சுண்ணாம்பை ஆறின தண்ணீரில் களியாகக் குழைப்பார். ஊசி கழற்றிய சிறிஞ்சில் எடுப்பார். தண்ணீரைச் சுழற்றுகிற மோட்டரை நிற்பாட்டிவிட்டு, ஒரு இறால் துணுக்கைக் காட்டுவார். சாப்பாடென்று நினைத்து அது வாயைத் திறக்கும். வாய்க்குள்ளேயே ஒரு சொட்டுச் சுண்ணாம்பு. அதோடு சரி. ஆனால் ஒரு நாளைக்கு மூன்றுக்குமேல் தொடமாட்டார், சுண்ணாம்பு கூடினால் தண்ணீரே நஞ்சாகிவிடும். ரீச்சர் பக்கத்தில் நின்று பார்த்ததுண்டு, ஒருநாளும் தன் கையால் செய்ததில்லையாம்.

கடந்த பத்து நாளாகத் தொட்டியில் நடந்ததும் அதேதான். நாளுக்கு மூன்று சொட்டு. செத்த ஒவ்வொன்றின்மேலும் ஒரு வெள்ளைப் பொட்டு.

ஜெயரூபி தொட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். பிறகு தயாபரனிடம் சட்டைக் கையை மடிக்கச் சொன்னாள்.

“கையை உள்ளுக்கு விடுங்கோ. எவ்வளவு தூரம் போகுதெண்டு பாப்பம்.”

“மீன் கடிச்சா ஆர் பொறுப்பு?”

“மீன்தான். விடுங்கோ.”

நெட்டையான மனிதர். கை அடிமணலைத் தொட்டது. அடுத்ததாக ஜெயரூபி ஒரு கதிரையை இழுத்துப்போட்டு ஏறித் தன் கையை விட்டாள். தோள்மூட்டு வரை நனைந்தும் விரல்நுனி முக்கால் ஆழத்துக்குத்தான் போனது. விரலை அப்படியே வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னாள்.

தயாபரன் குனிந்து பார்த்தார். வெள்ளைப் பொட்டு வைத்துச் செத்தவை எல்லாம் அவள் விரலுக்கு மேலே இருந்தன. விரலுக்குக் கீழே ஒன்றுகூடச் சாகவில்லை. அடிக் கற்களில் கள்ளச் சாமந்திகள் காடாகச் செழித்து நின்றன.

“ஆறடி மனிசன்,” என்றார் அவர். “இரண்டு வருசம் கடலில ஊறினதில கை சுருங்கிப்போச்சோ?”

சொன்ன பிறகு சுவரில் மாட்டியிருந்த கலியாணப் படத்தைக் கண்டார். மாலையோடு சிரித்துக்கொண்டு நின்ற ஜனார்த்தனனைப் பார்த்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

ஜெயரூபி கணக்குப் போட்டாள். வந்துபோகிறவர் கட்டையான கைக்காரர். அப்படியானால் ஜனார்த்தனன் அல்ல. பாலனும் அல்ல, அவனும் அண்ணனைப்போல நெட்டை. அதோடு, காரியம் செய்ய நிற்கிற தம்பி அண்ணனுக்கு உயிர் கொடுத்துக்கொண்டு திரிவானா?

இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. இரண்டு மீனும் தங்கள் சாமந்தியில் இல்லை. தண்ணீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீரின்மேல் மெல்லிய படலம் ஒன்று, வானவில் நிறத்தில் ஆடியது.

தயாபரன் மேற்கல்லில் இருந்த வெள்ளைப் பொட்டு ஒன்றைச் சுரண்டி எடுத்தார். முகர்ந்தார். ஜெயரூபி தடுக்குமுன் நாக்கு நுனியில் வைத்துவிட்டார்.

“ஐயோ அண்ணை.”

“முப்பது வருசம் வெத்திலை போட்ட நாக்கு, பிழைக்காது. இது சிப்பி சுட்டு வீட்டில நீத்தின சுண்ணாம்பில்லை. வெத்திலைக்கடைச் சுண்ணாம்பு. வாய் வேகாமல் இருக்க எண்ணெய் விட்டுக் குழைச்சிருக்கினம். தேங்காயெண்ணெய்.”

ஜெயரூபி படலத்தைப் பார்த்தாள். எண்ணெய் பரந்து தண்ணீரை மூடியிருக்கிறது. காற்றுப் போக வழியில்லை. மீன்களுக்கு மூச்சு முட்டுகிறது. இந்தத் தொட்டியைக் கட்டி வளர்த்த மனிதர் இதற்குள் எண்ணெய் விடமாட்டார்.

ஆக, அவர் செய்யும்போது கிட்ட நின்று பார்த்த ஒருவர். ஆனால் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று கவனிக்காத ஒருவர். சிறிஞ்சு தெரியும், இறால் தெரியும், மூன்று என்ற கணக்கும் தெரியும். சுண்ணாம்பென்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிட்டார்.

கடையைக் கண்டால் ஆளைக் காணலாம் என்றாள் ஜெயரூபி. வெற்றிலைக்கடை விசாரணைக்குப் பிறந்தவனே தான்தான் என்று தயாபரன் ஓட்டோவை எடுத்தார்.

முதற்கடையில் சுண்ணாம்பு நாக்கைச் சுட்டது. இரண்டாவது கடையில் அதைவிட மோசம். எண்ணெய் விடுகிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. மூன்றாவது கடை முள்ளியவளைப் பக்கம் போகிற வீதியில், ஒரு வேப்பமரத்துக்குக் கீழே, நாலு தடியும் ஒரு தகரமுமாக இருந்தது. கடைக்காரி ராக்காயிக்கு ஐம்பது வயதிருக்கும். தாய்தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். அவர் பிறந்து வளர்ந்தது இங்கேதான் என்றாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. தயாபரன் அவர் சுண்ணாம்பை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். ஜெயரூபியைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஜெயரூபி ஜனார்த்தனனின் படத்தைக் காட்டினாள். ராக்காயி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு ஆளைத் தான் கண்டதே இல்லை என்றார். ஜெயரூபிக்கு ஏமாற்றமாக இருந்தது. இல்லை என்று தெரிந்து வந்தவளுக்கே அப்படியென்றால், மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தாள். பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“வெத்திலை வாங்காமல், சுண்ணாம்பு மட்டும் வாங்கினவை ஆரும் இருக்கினமோ, அக்கா?”

ராக்காயி சிரித்தார்.

“வெத்தல இல்லாம சுண்ணாம்ப மட்டும் வச்சு என்னங்க பண்றது? அப்படி வாங்கறவங்கள மறக்க முடியுமா? ஒருத்தங்க வர்றாங்க, பத்து நாளா. பள்ளிக்கூடத்து டீச்சரம்மா. குடை புடிச்சுக்கிட்டு, மத்தியானத்துல. கட்டிக்குப் போடவான்னு கேட்டேன், ஆமான்னாங்க. பாத்தா வெரலெல்லாம் வெந்து கெடக்கு. கட்டி கையிலயா டீச்சரம்மான்னு கேட்டேன். அதுக்கு ஒண்ணும் சொல்லல.”

தயாபரன் வாங்கிய வெற்றிலை மடிக்காமலே அவர் கையில் இருந்தது. ஓட்டோவுக்குத் திரும்பி நடக்கும்போது, இனி வீட்டுக்கோ என்று மட்டும் கேட்டார்.

“இல்லை. முதல் கடலுக்கு விடுங்கோ,” என்றாள் ஜெயரூபி.

முல்லைத்தீவுக் கரையில் இறங்கி, வழியில் வாங்கிய நாலு கான் நிறையக் கடல்தண்ணீர் மொண்டார்கள். கரையில் அமாவாசைக்காக யாரோ ஏற்கெனவே பந்தல் கால்கள் நட்டிருந்தார்கள். இருவரும் அந்தப் பக்கம் பார்க்காமல் கான்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ரீச்சர் இரண்டு மணிக்குப் பிறகுதான் வந்தார். அதற்குள் தயாபரன் பழைய செய்தித்தாள்களைத் தண்ணீரின்மேல் விரித்து விரித்து எடுத்து, எண்ணெயைத் தாளோடு வாங்கிவிட்டிருந்தார். தொட்டித் தண்ணீரில் காற்பங்கை இறைத்துக் கடல்தண்ணீரை மெல்ல ஊற்றியிருந்தார்கள். ஒரு மீன் சாமந்திக்குள் திரும்பிப் போயிருந்தது. மற்றது கல்லோரமாகச் சரிந்து கிடந்து செவுளை அடித்தது.

ரீச்சர் குடையை மூலையில் சாய்த்துவிட்டு, ஆவலோடு ஜெயரூபியின் முகத்தைப் பார்த்தார். ஜெயரூபி வழிநெடுக எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். கடைசியில் வாயில் வந்தது இதுதான்.

“அக்கா, ராக்காயிட்டச் சுண்ணாம்பு வாங்காதேங்கோ. அதில எண்ணெய் விட்டிருக்கு. மீனுக்கு மூச்சு முட்டுது.”

ரீச்சர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். சரிந்து கிடந்த மீனைக் கண்டார்.

“எண்ணெயோ,” என்றார். “எனக்குத் தெரியாமல் போச்சே.”

அவ்வளவுதான் வாக்குமூலம். மறுக்கவும் இல்லை, அழவும் இல்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, மீனைப் பார்த்தபடியே சொன்னார். பள்ளிக்கூட இடைவேளையில் வந்து கதிரைபோட்டு ஏறிச் செய்வாராம். முதல்நாள் குறி தவறி மூன்று சொட்டும் வெளியே போய்விட்டது. இரண்டாம் நாள் ஒன்று வாயைத் திறந்து வாங்கியது. அது சுருங்கிச் செத்ததைப் பார்த்தபோது, ஜனார்த்தனன் பின்னால் நின்று சரி என்று சொன்னதைப்போல இருந்தது. அதன்பிறகு தான் பொய் செய்கிறோம் என்ற நினைப்பே சில நேரம் மறந்துபோனது.

“செத்ததைக் கண்டனான் எண்டு ஒருத்தர் வந்து சொல்லட்டும், நான் பொட்டை அழிக்கிறன். ஒருத்தரும் சொல்லேல்லையே, தங்கச்சி. கலண்டரைப் பாத்து ஆளைச் சாக்காட்டலாமோ?”

ஒரு வருடம் போதும் என்றார். ஜனார்த்தனனைக் கண்டதாகப் பொய் எழுத வேண்டாம், யாரோ வந்துபோகிறார்கள், யாரென்று தெரியவில்லை என்று எழுதினால் போதும். பாலன் அதை நம்புவான். அவன் பொல்லாதவன் அல்ல, அவசரக்காரன் மட்டும்தான்.

யாரோ வந்துபோகிறார்கள் என்பது ஒரு வகையில் பொய்யும் அல்ல. எழுதிக் கொடுத்தால் இந்த வீட்டில் யாருக்கு நட்டம்? ஜெயரூபி தயாபரனைப் பார்த்தாள். அவர் ஈரச் செய்தித்தாளை மடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது.

பாலன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கையில் ஒரு துணிக்கடைப் பை. அந்நியர் இருவரைக் கண்டு தயங்கினான். விசாரிக்க வந்தவர்கள் என்று ரீச்சர் சொன்னதும், அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை ஜெயரூபி எதிர்பார்க்கவில்லை.

“ஐயரிட்ட வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வாறன், அண்ணி,” என்றான். “காரியம் இல்லை. பந்தல் காலையும் பிடுங்கச் சொல்லிப்போட்டன்.”

ரீச்சர் கேட்டது கிடைத்துவிட்டது.

பாலன் நிற்காமல் பேசினான். தொட்டி துப்புரவாகிற கதையை ரீச்சர் சொன்ன நாளிலிருந்து அவன் வயலுக்குப் போகவில்லை. மத்தியானங்களில் தண்ணீரூற்றுச் சந்தியில் நின்று, இறங்குகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் அண்ணனைத் தேடியிருக்கிறான். பின்வளவால் வந்துபோகிறாரோ என்று வேலிப் பக்கம் காலடி பார்த்திருக்கிறான். தாய்க்கும் சொல்லிவிட்டான். இரண்டு வருடமாகப் பாயோடு கிடந்த மனுசி நேற்றுத்தான் எழும்பியிருந்து, தன் கையால் சோறு சாப்பிட்டாராம்.

பையைக் கதிரையில் வைத்தான். உள்ளே புதுச் சாரமும் ஒரு சேட்டும் இருந்தன. பெரிய அளவு.

“ஆருக்கோ பயந்து முன்னுக்கு வராமல் இருக்கிறார்போல. அடுத்தமுறை வந்தா இதைக் குடுங்கோ. எனக்குக் கோவமில்லை எண்டு சொல்லுங்கோ.” அவன் குரல் இறங்கியது. “அண்டைக்குப் படகடிக்குக் கொண்டுபோய் விட்டது நான்தானே, அண்ணி. போகாதேங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.”

இரண்டு பேரில் யாரைக் காப்பாற்றுவது என்று ஜெயரூபிக்குத் தெரியவில்லை. இப்போது ரீச்சர் பேசாமல் இருந்தால் போதும். ஒரு வருடம் என்ன, பாலன் ஆயுள் முழுக்கச் சந்தியில் நிற்பான். பொட்டு இருக்கும். தாலி இருக்கும்.

ரீச்சர் அந்தச் சேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார். வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல்தான் வந்தது.

“தம்பி, அவர் வரேல்லை. சுண்ணாம்பு வைச்சது நான். பத்து நாளும் நான்தான்.”

பாலன் சிரிக்கப் பார்த்தான். ஜெயரூபியைப் பார்த்தான், இல்லை என்று அவள் சொல்லுவாள் என்று. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவன் தொட்டியருகே போய், மேற்கற்களில் இருந்த வெள்ளைப் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அடிக் கற்களைப் பார்த்தான். தன் நீண்ட கையை ஒருமுறை பார்த்தான்.

“என்னை ஏசுங்கோ, தம்பி,” என்றார் ரீச்சர். “ஏதாவது சொல்லுங்கோ.”

அவன் வாசலுக்குப் போனான். ஒரு செருப்பு அகப்பட்டது, மற்றதைக் கால் தேடித் தேடிக் கண்டுபிடித்தது. மோட்டார்சைக்கிளைக் கிளப்பவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, மணல் ஒழுங்கை நெடுக உருட்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல் நடந்து போனான்.